ஒன்பது வருடம் சோதிக்காத ஹீட்டர்

போதும், ஒன்பது வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். என் தொட்டி மீன்கள் செத்தது உங்களால் அல்ல.

போன வாரம் சின்னக்கானலிலிருந்து பழைய சக ஆசிரியர் ஒருவர் போனில் கூப்பிட்டார். "சார், விசயம் தெரியுமா? நம்ம மீன்குழம்பு போயிட்டாரு" என்றார். நீங்கள் இறந்த செய்தி எனக்கு அந்தப் பெயரில்தான் வந்து சேர்ந்தது. அந்தப் பெயரை வைத்தவன் நான் என்பது அவருக்கு மறந்தே போயிருந்தது.

போனை வைத்துவிட்டுப் பரணிலிருந்து அட்டைப்பெட்டியை இறக்கினேன். திறந்ததும் காய்ந்த கடலுப்பின் வாடை. உள்ளே அந்தப் பெரிய ஹீட்டர், கண்ணாடிக் குழாய் முழுக்க உப்புப் பூத்து. இங்கே என் சொந்த ஊரான கொழிஞ்சாம்பாறை வெயிலில் மீனுக்கு ஹீட்டர் என்றால் சிரிப்பார்கள். அங்கே மலைமேல் சின்னக்கானலில், என் பள்ளிக்கூடக் குவார்ட்டர்ஸில், தை மாதக் காலைகளில் குடத்துத் தண்ணீரைத் தொட்டால் விரல் மரத்துப்போகும். அந்தக் குளிரில் அறுபது லிட்டர் தொட்டியில் கடல்நீர் கலந்து, உள்ளங்கை அளவு பவளத்தையும் இரண்டு ஆரஞ்சு நிற மீன்களையும் வளர்க்க ஆசைப்பட்டேன். தண்ணீர் இருபத்தாறு டிகிரியில் நிற்கவேண்டும்.

தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டரான நீங்கள் அந்த ஞாயிற்றுக்கிழமை சட்டைப் பையில் ஃபேக்டரித் தெர்மாமீட்டரோடு வந்தீர்கள். பின்னாலேயே உங்கள் மனைவி, நான் மதினி என்று கூப்பிடுகிறவர். "எங்களுக்கு ஒரு கம்பளி வாங்கித் தர வக்கில்ல, மீனுக்குப் போயி அடுப்புப் போடுதாக!" என்று உங்களை இடித்துப் பேசிவிட்டு எனக்குப் பால் விடாத கட்டஞ்சாயா வைத்தார்.

நான் வாங்கியிருந்த முந்நூறு வாட் ஹீட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள்.

"சார், ஒத்த ஆனையக் கட்டாதீக. எழுபத்தஞ்சு வாட்டுல ரெண்டு வாங்கி ரெண்டு மாடாக் கட்டுங்க. ஒண்ணு படுத்தா இன்னொண்ணு இழுக்கும். ஆனைக்கு மதம் புடிச்சா யாரு நிறுத்த?"

"ஏனுங், நானு பிசிக்ஸ் படிச்சவனுங். கணக்குப் போட்டுத்தானுங் வாங்குனேன்."

"கணக்கு சரிதான் சார். ஆனா இந்த ஊரு கரண்டு உங்க கிளாஸ்ல படிக்கலையே."

மதினி சிரித்த சிரிப்பில் டம்ளர் ஆடியது. கரண்டு போய்ப் போய் வந்தால் தெர்மோஸ்டாட்டின் முள் ஒட்டிக்கொள்ளும், பிறகு சூடேறுவது நிற்காது, தேயிலை உலர்த்தும் எங்கள் டிரையரிலேயே எத்தனை முறை பார்த்தாயிற்று என்றீர்கள். இரண்டு சின்னதாக இருந்தால் ஒன்று ஒட்டிக்கொண்டாலும் மீனை வேகவைக்கிற சக்தி அதற்கு இராது. நான் கேட்கவில்லை. கேட்காதவனுக்கும் வேலையைக் குறையில்லாமல் செய்து கொடுத்தீர்கள். பம்ப்பிலிருந்து நீர் பாயும் இடத்தில் ஹீட்டரை முழுக்க முங்கவைத்தீர்கள். "ஒயரு மொதல்ல கீழ தொங்கி, அப்பறம் மேல ஏறணும் சார். இல்லைன்னா ஒயரு வழியா தண்ணி பிளக்குக்குள்ள போயிரும்" என்று வளைத்துக் கட்டினீர்கள். மதினியின் சிவப்பு நகப்பூச்சை வாங்கி, இருபத்தாறில் நிறுத்திய திருகின் மேல் தொடங்கி மூடிவரை ஒரே கோடாக இழுத்தீர்கள். "இந்தக் கோடு முறிஞ்சிருந்தா யாரோ திருகிட்டாகன்னு அர்த்தம்."

பொங்கல் விடுமுறைக்குச் சாவியை உங்களிடம் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்தேன். நான் திரும்பிய அன்று நீங்கள் ஜீப் நிற்கும் இடத்திலேயே காத்திருந்தீர்கள்.

"சார், மீனு போச்சு. கொம்பன் ஆன வந்து கரண்டுக் கம்பத்தச் சாய்ச்சுட்டான். கரண்டு போயிப் போயி வந்துச்சு. காலையில பாத்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு. மத்தியானம் பாத்தா தண்ணி கொதிக்கி. நான் திருகத் தொடல சார்."

"தொடாம எப்படிங் ரசமாட்டக் கொதிக்கும்?"

அத்தோடு விட்டிருக்கலாம். பக்கத்திலேயே டீக்கடை. உள்ளே பத்துப் பேர். "தொட்டியப் பாத்துக்கச் சொல்லிக் குடுத்துட்டுப் போனேன், மீன்கொழம்பு வெச்சுட்டாருங்க" என்றேன். கடையே சிரித்தது. அந்த மாதம்தான் எனக்கு வரவேண்டிய தலைமையாசிரியர் பதவியை எனக்கு ஜூனியரான ஒருவருக்குக் கொடுத்திருந்தார்கள். அவரைக் கடிக்க முடியவில்லை. நீங்கள் கைக்கெட்டும் தூரத்தில் நின்றீர்கள்.

மறுநாளே தோட்டத்து லயன் வீடுகளின் பிள்ளைகள் உங்களை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அதன் பிறகு நான் ஊர் திரும்பும்வரை இரண்டு வருடம் ஒரே ரோட்டில் எதிரெதிராக நடந்தோம், பேசவில்லை. உங்கள் மேலும் எனக்கு ஒரு குறை உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன். நீங்கள் ஏன் திருப்பி ஒரு வார்த்தை கத்தவில்லை? "கோட்டைப் பாருய்யா" என்று அதே கடையில் கேட்டிருந்தால் நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்? உங்கள் பொறுமை எனக்கு வசதியாகப் போயிற்று.

ஏனென்றால் கோட்டை நான் அன்றைக்கே பார்த்தேன். முறியவில்லை. பார்த்துவிட்டுத்தான் ஹீட்டரைப் பெட்டியில் வைத்து மூடினேன். ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் உண்மை தெரியும். பிள்ளைகளுக்குச் சோதித்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தே சம்பளம் வாங்கியவன், ஒன்பது வருடம் அந்த ஒரு வாளியை வைக்கவில்லை.

போன வாரம் வைத்தேன். திருகைக் கடைசி வரை குறைத்தேன். அப்போதுதான் சிவப்புக் கோடு முதன்முறையாக முறிந்தது, என் கையால். ஹீட்டரின் விளக்கு அணையவில்லை; நீங்கள் சொன்னபடி முள் ஒட்டித்தான் இருந்தது. தண்ணீரில் ஆவி எழும்வரை பார்த்திருந்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி விரலை விட்டேன். பொறுக்க முடியவில்லை.

இப்போது என் வீட்டில் மீன் இல்லை. ஆனால் மோட்டார், வாஷிங் மெஷின், எதன் ஒயரும் கீழே தொங்கி வளைந்துதான் பிளக்குக்கு ஏறும். எலக்ட்ரீஷியன் நேராக இழுத்துவிட்டுப் போனால், அவர் போனதும் வளைத்துக் கட்டுகிறேன். உங்களிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த வளைவுதான்.

இது உங்களுக்கு எழுதியது. உங்கள் விலாசத்தில் இனிக் கடிதம் வாங்கப்போவது மதினி. என் பெயரைக் கண்டால் பிரிக்காமலே அடுப்பில் போடுவார், போடவேண்டியதுதான். பெயர் இல்லையென்றால் யாரோ என்று நினைத்து முதல் வரியையாவது படிப்பார். அதனால்தான் சொல்லவேண்டியதை முதல் வரியிலேயே எழுதினேன். அனுப்புநர் விலாசம் எழுதவில்லை. கையெழுத்தும் போடாமல், காலையில் தபாலில் சேர்த்துவிடுகிறேன்.