சிங்கிளுக்கு ஓடாதவன்

மாப்ள, புது டென்னிஸ் பந்து டப்பாவைத் திறந்தால் வருமே ஒரு ரப்பர் வாடை, அது இன்று மீமிசல் டீக்கடையில் என் மூக்கில் ஏறியது. நம் டீமின் இப்போதைய கேப்டன் வாங்கி வந்திருந்தான். இந்த டோர்னமென்ட்டில் அதிக சிக்ஸ் அடிப்பவனுக்குத் தரும் கோப்பைக்கு நம் காலத்து ஆள் ஒருவர் பெயரை வைக்க வேண்டுமாம். "நீங்கதான் எல்லாரு கூடயும் ஆடுனவங்க, சொல்லுங்கண்ணே" என்றான். நீ கண்ணை மூடி ஒரு வருடம்கூட ஆகவில்லை, உன் பெயர்தான் வாயில் வந்தது. கடையில் ஒத்துக்கொள்ள ஆளில்லை.

சலீமுக்கு ஒரு கட்சி. துபாயிலிருந்து லீவில் வந்த மறுநாளே பந்தைக் கருவேலங்காட்டுக்கு அனுப்புவான். ஆனால் எல்லாம் லெக் சைடுதான். ஆஃப் சைடில் போட்டால் பெண் பார்க்க வந்தவன் மாதிரி நெளிவான். செல்லையாவுக்கு இன்னொரு கட்சி. வலை இழுத்த தோள் அவனுக்கு. அவன் தூக்கிய பந்து இறங்குவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். என்ன, பாதி நேரம் அடித்த இடத்திலேயே இறங்கும்.

நீ இரண்டு பக்கமும் அடிப்பாய். எவன் போட்டாலும் அடிப்பாய். அந்த அழகை இனி எங்கே போய்ப் பார்ப்பேன்? குறை ஒன்றுதான், சிங்கிளுக்கு ஓடமாட்டாய். "ஓடணும்னா பஸ்ஸுக்கு ஓடுவேன்டா" என்பாய். எதிர்முனையில் நின்று வெயிலில் காய்ந்த எங்களுக்குத்தான் அந்த எரிச்சல் தெரியும்.

கடைசியில் அந்த ஃபைனலைச் சொன்னேன். அதுவரை நம் ஊர் கோப்பையைத் தொட்டதில்லை. கடைசிப் பந்து, ஜெயிக்க ஒரு ரன். உன் சிக்ஸைப் பிடிக்க அத்தனை பேரும் பவுண்டரிக்குப் போய்விட்டார்கள். நீயோ பந்தைக் காலடியில் தட்டிவிட்டு "வா மாப்ள!" என்று கத்தினாய். டீமிலேயே மெதுவாக ஓடுகிறவன் நான். பவுலர் பாய்ந்து எடுத்து எறிந்த பந்து ஸ்டம்பைச் சாய்த்தபோது என் பேட் மயிரிழையில் கோட்டைத் தாண்டியிருந்தது. மண்ணோடு கிடந்த என்னை நீ வந்து தூக்கினாய். "நான் வராமப் போயிருந்தா?" என்று கேட்டேன். "நீ வருவடா" என்றாய், அவ்வளவுதான்.

கேப்டன் சிரித்துவிட்டான். "சிக்ஸ் கப்புக்கு சிங்கிள் எடுத்தவரு பேராண்ணே?"

"ஆமாப்பா, எழுதிக்க."

சலீம் கட்சிக்காரர்தான் முதலில் தலையாட்டினார். மற்றவர்களும் பிறகு ஒத்துக்கொண்டார்கள். கோப்பையில் இனி உன் பெயர்.

அவர்களிடம் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன். அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, ஒரு பெரிய காரியத்தில் என்னை நம்பி யாரும் "வா" என்று கூப்பிட்டதில்லை. இன்றைக்கும் எதற்காவது தயங்கி நின்றால் உன் குரல் கேட்கிறது, மாப்ள. ஓடிவிடுகிறேன்.