சிகரெட் பாக்கெட் நுழையாத கார்

ஆகஸ்ட் 4, ஞாயிறு

எல்ராய் வந்து போனான். பிரிந்து ஆறு வருஷம் ஆகிறது, வாசலில் நின்று என் காரை முறைக்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. ஜோடினின் பள்ளி நடனவிழாவுக்கு வெள்ளை வாடகைக் கார் பிடித்துவிட்டானாம். நீளமானது, ஓட்டுநரோடு.

"உன் டப்பாவுல எம் பொண்ணு போய் எறங்கினா மிட்செல்ஸ் ப்ளெயின் ஊரே சிரிக்கும், பெர்னடின்."

டப்பாவா? என் சிவப்பு கோல்ஃப் காரின் எஞ்சினை நானே பிரித்து நானே மாட்டியிருக்கிறேன். இவனுக்கு டயர் மாற்றத் தெரியுமா?

நடுவில் உட்கார்ந்து கோக்சிஸ்டர் பலகாரம் தின்றுகொண்டிருந்த மகள் தீர்ப்புச் சொன்னாள்: "மம்மி, அன்னிக்கு உன் வண்டி தரையில ஒரு தடவை உரசினாலும் நான் டாடி கார்ல ஏறிடுவேன்."

பார்த்துவிடலாம். உரசுமே என்று காரை உயர்த்திக்கொண்டு மட்டும் போகமாட்டேன்; எங்கள் தெருவில் கார் எவ்வளவு தாழ்வோ அவ்வளவு கௌரவம். இறக்கித்தான் போவேன்.

ஆகஸ்ட் 6

மழை. காரைத் தொடவில்லை. கோபத்தில் மீனைக் கருக்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 10, சனி

இறக்கியாயிற்று! காயிலோவர் சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையத்தைக் கீழே திருகினால் கார் இறங்கும், மேலே திருகினால் ஏறும். அவ்வளவுதான் வித்தை. துருவோடு மல்லுக்கட்டியதில் விரல் முட்டியெல்லாம் தோல் போனது.

எதிர்வீட்டு சுலைமான் அண்ணன் சுவரில் சாய்ந்துகொண்டு, "ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்கா பாரு தங்கச்சி, இல்லன்னா கோணிக்கிட்டு நிக்கும்" என்றார்.

"பாத்துத்தான் திருகுறேன். நீங்க டீயக் குடிங்க."

பின்பக்க வேலைக்காக டிக்கியிலிருந்த கனமான ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கி வீட்டுக்குள் வைத்தேன். ஜாக்கை இறக்கியதும் அளக்கவில்லை. காரை முன்னும் பின்னும் உருட்டி, ஸ்பிரிங் அமர்ந்த பிறகே டேப்பை வைத்தேன். அவசரக்குடுக்கைகள்தான் அதில் ஏமாறுவார்கள்.

எங்கள் தெருவின் சட்டம்: நிற்க வைத்த சிகரெட் பாக்கெட் காருக்கு அடியில் நுழையக் கூடாது. சுலைமான் அண்ணன் தன் பாக்கெட்டை வைத்துப் பார்த்தார். நுழையவில்லை!

ஆகஸ்ட் 14

சக்கர அலைன்மென்ட் பார்க்கும் கடைக்காரன் குனிந்து பார்த்துவிட்டு, "உங்க புருஷன் செஞ்ச வேலையா?" என்றான்.

"புருஷன வெரட்டி ஆறு வருஷமாச்சு. நீ வண்டியப் பாரு."

வரும் வழியில் பள்ளி வாசலின் வேகத்தடையில் ஏற்றி இறக்கினேன். ஒரு கீறல் இல்லை.

ஆகஸ்ட் 17, சனி

நேற்று சாயங்காலம் நடந்ததை எழுதியே ஆகவேண்டும்.

வீட்டு வாசலிலிருந்து கார் வரை சிவப்புக் கம்பளம். தெருவே வெளியே நின்று விசிலடித்தது. பச்சை கவுனில் ஜோடின்... ஐயோ, என் பிள்ளையா இது! அவளும் நடனத்துக்கு ஜோடியாக வந்த பையனும் பின்னால் ஏறினார்கள். பாட்டு இல்லாமல் போனால் சவ ஊர்வலம் மாதிரி இருக்குமே என்று ஸ்பீக்கர் பெட்டியைக் காலையிலேயே டிக்கியில் மாட்டியிருந்தேன்.

அங்கேதான் கோட்டை விட்டேன். பெட்டி இல்லாமல் அளந்தவள், பெட்டியோடு போனேன்!

பள்ளி வாசல். முன்சக்கரம் வேகத்தடையைத் தாண்டியது. அப்புறம் — க்ரீச். வண்டியின் வயிறு தடையில் உட்கார்ந்துவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. நூறு செல்போன்கள் என்னைப் பார்த்தன. எல்ராய் கோட்டு சூட்டில் வெள்ளைக் காரோடு தயாராக நின்றான். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு வேறு!

ஜோடின் கதவைத் திறந்து இறங்கினாள். போச்சு, எல்லாம் போச்சு என்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தேன். திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

"டாடி, சும்மா நிக்காதீங்க. டிக்கியில ஸ்பீக்கர் பெட்டி இருக்கு, அதத் தூக்குங்க."

"என்னது? நீ இந்தப் பக்கம் வா!"

"மம்மி உள்ள போகணும். நான் மம்மி கூடப் போகணும். தூக்குங்க!"

தூக்கினான். கார் மூச்சுவிட்டு எழுந்தது. கவுனைச் சுருட்டிக்கொண்டு அவள் மறுபடி ஏறினாள், இந்த முறை முன்சீட்டில். ஹாரனை அழுத்திக்கொண்டே உள்ளே போனேன். பின்னால் எல்ராய், பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி நடந்து வந்தான். அழுதேன். கண்மை கரைந்தது, கரையட்டும்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பெட்டியை டிக்கியில் வைத்து அளந்தேன். பின்பக்கம் இரண்டு சுற்று மேலே திருகினேன்.

ஜோடின் பார்த்துவிட்டாள். "மம்மி, ஏத்துறியா?"

"டாடிகிட்ட மூச்சு விட்ட, தொலைச்சுடுவேன்."