கடன்காரனுக்கு ஒரு வீடு

குன்னூர்,
9 ஜூன் 1932

அன்புள்ள ஆபிதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். நீயும் பிள்ளை ஜெய்புன்னிசாவும் சுகந்தானே?

பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் துணி அளந்துபோடும் வேலை கிடைத்துவிட்டது. இரவில் அங்கேயே படுத்துக்கொள்கிறேன். நம் கடையை மூடிய சங்கதி ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. எஸ்டேட்டில் ஆள் குறைத்தபோது, நம்மிடம் கடனுக்குத் துணி வாங்கியவர்களெல்லாம் சொல்லாமல் மலையிறங்கிப் போனார்கள். அதை யார் கேட்கிறார்கள்? மொத்த வியாபாரிக்கு நான் பாக்கி வைத்ததுதான் பேச்சு.

நேற்று ஒரு வீடு கேட்டேன். "நீங்க நல்ல மனுசன்தானுங்க பாய். ஆனா வாடகைன்னு வந்தா யோசனையா இருக்குதுங்க" என்றார் வீட்டுக்காரர். டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார்.

மழை விடவில்லை. உன் குரல் கேட்காமல் சாப்பாடு இறங்கவில்லை.

உன்,
ஜலீல்

மேட்டுப்பாளையம்,
16 ஜூன் 1932

அன்பு மச்சானுக்கு ஆபிதா எழுதுவது,

வ அலைக்கும் ஸலாம். கடிதம் கிடைத்தது. அண்ணன் தன் வீட்டில் எங்களுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. மதினிதான், "குன்னூர்ல ஊட்டுக்கா பஞ்சம்?" என்று அரிசி புடைத்துக்கொண்டே கேட்கிறார். முறத்தைப் பார்த்துத்தான் கேட்கிறார்.

ஒன்றை எழுதாமல் இருக்கத்தான் நினைத்தேன். முந்தாநாள் பிள்ளை என் அண்ணனைப் பார்த்து, உங்களைக் கூப்பிடுவதுபோல், "அத்தா" என்று கூப்பிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

நல்ல வீடாகத் தேடாதீர்கள் மச்சான். ஒழுகினாலும் சரி.

இப்படிக்கு,
ஆபிதா

குன்னூர்,
30 ஜூன் 1932

அன்புள்ள ஆபிதா,

உன் கடிதத்தைப் படித்த அன்றைக்கு எனக்கு வேலை ஓடவில்லை. மறுநாளே ஆயம்மாள் என்ற விதவையிடம் போனேன். ரயில் பாதைக்குக் கீழே இரண்டு அறை வீடு. "உங்களுக்கு ஆரு ஜாமீனுங்க?" என்றார். எனக்குச் சொல்ல ஆளில்லை. அவராகவே பஜாரில் விசாரித்திருக்கிறார். விசாரித்தது யாரிடம் தெரியுமா? நான் பாக்கி தர வேண்டிய மொத்த வியாபாரி ஆறுச்சாமியிடம்.

போச்சு என்றுதான் நினைத்தேன். அவர் குடையோடு ஆயம்மாள் வாசலுக்கே வந்தார். என்னை வைத்துக்கொண்டே சொன்னார்: "இவரு எனக்குத் தரோணுமுங்க. முடிஞ்சதத் தந்துட்டும் இருக்கறாரு. ஊடு இல்லாத ஆளு எப்ப வேணா ரயிலேறிருவாரு. பொண்டாட்டி புள்ள இங்க இருந்தா எங்க போவாரு? ஊட்டக் குடுங்க. வாடகை நின்னா எங்கிட்டக் கேளுங்க."

சாவியை வாங்கிக்கொண்டேன். ஆனால் மனம் ஆறவில்லை, ஆபிதா. உன்னையும் பிள்ளையையும் அவரிடம் அடகு வைத்துவிட்டுத்தானே இந்த வீட்டை வாங்கியிருக்கிறேன்? குடும்பம் வந்தால்தான் வீடு என்று ஆயம்மாளும் சொல்லிவிட்டார். உனக்குச் சம்மதமில்லை என்றால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

உன்,
ஜலீல்

மேட்டுப்பாளையம்,
4 ஜூலை 1932

அன்பு மச்சானுக்கு,

அண்ணன் உங்கள் கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "கடன் தீரட்டும், அப்புறம் போகலாம்" என்றார். அதுவரை நான் இங்கே யார் அண்ணா என்று கேட்டேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. டிக்கெட்டுக்கு அவரே காசு கொடுத்தார்.

வியாழக்கிழமை காலை ரயிலில் வருகிறோம். பிள்ளைக்கு உங்கள் முகம் மறந்திருக்கும். ஸ்டேஷனில் உடனே தூக்கிவிடாதீர்கள். கொஞ்சம் பக்கத்தில் நடந்து வாருங்கள், அவளாக வருவாள்.

அடகு என்று எழுதியிருந்தீர்கள். ஆறுச்சாமி என்னைக் கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். நாங்கள் அங்கே இருந்தால் நீங்கள் எங்கேயும் போக மாட்டீர்கள். எனக்கு வேண்டியதும் அதுதானே, மச்சான்?

உங்கள்,
ஆபிதா