உள்ளே வைத்துப் பூட்டிய சாவி

என் அன்பு மச்சான் அந்தோணிக்கு,

நீ போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகப்போகிறது. அங்கேயும் ஷிப்ட் உண்டா? உண்டென்றால் ஷிப்ட் நோட்டை நீதான் எழுதிக்கொண்டிருப்பாய், எவன் என்ன தப்பு செய்தான் என்று ஒருத்தரையும் விடாமல்.

ஒரு செய்தி சொல்கிறேன், சிரிக்காதே. என் தப்பு இப்போது உலகம் பூராவும் போய்விட்டது.

என் மகள் காயத்ரி ஸ்ரீரங்கம் வீட்டு மாடியில் உட்கார்ந்துதான் வேலை பார்க்கிறாள். டேட்டாபேஸ் என்கிறாள். ஊரார் விவரங்களைச் சேர்த்து வைக்கிற மென்பொருளாம். அந்த மென்பொருளை எப்படிச் செய்தார்கள் என்பதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்துத் திருத்தலாமாம். அதற்கு இவள் பூட்டு செய்கிறாள். விவரங்களை யாரும் படிக்க முடியாதபடி மாற்றி வைத்துவிடுவது, சாவி உள்ளவர் மட்டும் திரும்பப் படிப்பது.

"எல்லாரும் திறந்து பாக்கலாம்னா பூட்டு எதுக்கும்மா?" என்றேன். ஐடிஐ மூளை.

"பூட்டு எப்படி செஞ்சதுன்னு ஊருக்கே தெரியட்டும்பா. சாவி மட்டும் நம்ம கையில இருக்கணும்."

ஒரு வருஷ உழைப்பு போன மாதம் நின்றுபோகப் பார்த்தது. அந்தச் சாவியையும் அதே டேட்டாபேசுக்குள் வைத்தால் சுலபம்தானே, ஏன் வெளியே வைக்கச் சொல்கிறாய் என்று அதில் கூட வேலை பார்க்கிறவர்கள் எங்கெங்கோ இருந்து கேட்டு எழுதினார்கள். ஒன்பது பக்கம் பதில் எழுதினாள். புதிதாக வருகிறவனுக்கும் புரிகிற மாதிரி எழுது, நாளைக்கு யாரும் இதையே மறுபடி கேட்கக்கூடாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் சரியாக எழுதித் தராவிட்டால் அவள் வேலை இந்த வெளியீட்டில் சேராது.

"உங்களுக்குப் புரிஞ்சா யாருக்கும் புரியும்பா" என்று எனக்குப் படித்துக் காட்டினாள். என் மேல் எவ்வளவு மரியாதை பார். மூன்றாம் பக்கத்தில் தூங்கிவிட்டேன்.

எழுப்பினாள். "சுருக்கமா சொல்றேன். பூட்டின பொருளோடயே சாவியையும் வெச்சா..."

தூக்கம் பறந்துவிட்டது மச்சான்.

நம் ஒர்க்‌ஷாப் டூல்ஸ் அலமாரி ஞாபகம் இருக்கிறதா? டூப்ளிகேட் சாவி தொலையக்கூடாது என்று அதை உள்ளேயே வைத்துப் பூட்டினேனே! மறுநாள் அம்மா மண்டபம் படித்துறையில் முழுக்குப் போட்டபோது, துண்டில் முடிந்திருந்த ஒரிஜினல் சாவி காவிரியோடு போயிற்று. பூட்டை அறுக்க நீ கேஸ் கட்டரோடு வந்தாய்.

"பத்திரமாத்தான்டா வெச்சேன்."

"ரொம்பப் பத்திரம்டா. உனக்கே கிடைக்கல."

அதோடு விட்டாயா? ஷிப்ட் நோட்டில் எழுதினாய்: "டூப்ளிகேட் சாவி அலமாரிக்குள் இருந்தது. வைத்தவர் சீனிவாசன். காரணம், பத்திரம் என்று நினைத்தார். சாப்பாட்டு லாக்கரில் வைக்க யோசித்தோம், அதன் சாவியும் இதே வளையத்தில் என்பதால் வேண்டாம். இனி கேட் செக்யூரிட்டியிடம்."

மூன்று நாள் உன்னோடு நான் பேசவில்லை. பூட்டை உடைத்ததை எழுது, காரணத்தை எதற்கு எழுதினாய் என்று சண்டை. "எழுதலைன்னா நாளைக்கு வர்றவனும் உள்ளயே வெப்பான்டா" என்றாய்.

இந்தக் கதையைச் சொன்னதும் காயத்ரி விழுந்து விழுந்து சிரித்தாள். "உள்ள வெச்சுப் பூட்டினா நமக்கே கிடைக்காது. பூட்டாம வெச்சா திருடனுக்கும் கிடைக்கும். என் ஒன்பது பக்கமும் இதுதான்பா!"

உன் வழியிலேயே எழுதினாள். என்ன முடிவு, ஏன், எதையெல்லாம் யோசித்து வேண்டாம் என்றோம். முதலில் அலமாரிக் கதை. வெள்ளிக்கிழமை ஒத்துக்கொண்டார்கள். யாரோ ஒருவர், "அந்த அலமாரிக்காரருக்கு வணக்கம், நானும் செய்திருக்கிறேன்" என்று எழுதியிருந்தார். கீழே நன்றியில் உன் பெயர் இருக்கிறது. என் பெயர் வேண்டாம் என்று கெஞ்சினேன், 'ஒரு ஃபிட்டர்' என்று போட்டிருக்கிறாள்.

அந்த உற்சாகத்தில் எங்கள் வீட்டு டூப்ளிகேட் சாவியை உன் வீட்டுக்காரி ஸ்டெல்லா தங்கச்சியிடம் கொடுத்து வைத்தேன். யாரிடம் இருக்கிறது, ஏன் என்று உன் பாணியில் ஒரு சீட்டும் எழுதினேன்.

"சீட்டு எங்கப்பா?" என்றாள் காயத்ரி.

"பத்திரமா இருக்கும்மா. வீட்டுக்குள்ள, பீரோவுல."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். கேஸ் கட்டரைப் பற்றவைக்கும் முன் நீ என்னைப் பார்த்தாயே, அதே பார்வை.

நாளைக்கே அந்தச் சீட்டு அவள் கைப்பைக்குப் போய்விடும், மச்சான். பீரோவுக்குள் வைத்தவர் யார், என்ன நினைத்து வைத்தார் என்பதையும் அதன் அடியில் என் கையாலேயே எழுதிவிடுகிறேன். இந்தத் தடவை மூன்று நாள் பேசாமல் இருக்க மாட்டேன்.

உன் மச்சான்,
பத்திரம் என்று நினைத்த சீனிவாசன்