யாரும் தொடாத இடம்

அன்புள்ள அப்பாவுக்கு வெற்றிசெல்வன் எழுதுவது. நான் சுகம். அம்மாவின் முட்டிவலி தேவலையா?

இங்கே ஸ்காட்லாந்தில் கடலுக்குள் காற்றாலை நட இடம் பார்க்கிறோம். நேற்று மீனவர்களிடம் வரைபடத்தை விரித்து, வலை போடும் இடங்களைக் குறிக்கச் சொன்னோம். நடுவில் ஓரிடத்தை யாருமே தொடவில்லை. “அங்கே யாரும் போவதில்லை, அங்கேயே நட்டுவிடலாம்” என்றார் என் மேலதிகாரி. எனக்குப் பகீரென்றது. “பெரியப்பா கேட்டாலும் இந்த இடத்தச் சொல்லிடாதடா” என்று, மீன் அள்ளிக்கொண்டு வரும் நம் இடத்தில் படகில் வைத்து என்னிடம் சொன்னீர்களே, அது ஞாபகம் வந்தது.

நாளை முடிவு செய்கிறார்கள். நான் சொன்னால் இந்த மீனவர்களின் ரகசியம் போகும், சொல்லாவிட்டால் அந்த இடமே போகும். நீங்கள் கவலைப்படாதீர்கள்.

என்னோடு வேலை செய்யும் மயிலாடுதுறை நண்பர் ஊரிலிருந்து திரும்பி வரும்போது நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்புங்கள். தனியாக உட்கார்ந்தால் சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

எங்கள் ஆய்வுப் படகு கிளம்புகிறது, முடிக்கிறேன். நம் கடலையும் காற்றாலைக்காக அளக்க வரப்போகிறார்களாம். வரைபடத்தை நீட்டினால், நம் இடத்தை மட்டும் குறிக்காமல் விட்டுவிடாதீர்கள் அப்பா.