தாத்தாவின் கணக்கில் என் துடிப்பு

ஜூன் 9
இன்றும் தாத்தாவின் மணிக்கட்டுப் பட்டை என் கையில்தான். ஆறாவது இரவு. போர்வைக்குள் அதன் பச்சை விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. தாத்தா தூங்கும்போது நாடித்துடிப்பை எண்ணி மருத்துவமனைக்கு அனுப்புவதற்காக அத்தை வாங்கிக் கொடுத்தது. கழற்றி வைத்தால் பத்து நிமிடத்தில் அப்பாவின் போன் அலறும். அதனால் யார் கையிலாவது இருந்தாக வேண்டும்.

"முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன், எவனாவது என் கையைப் பிடிச்சுப் பார்த்தானா? அரிக்குது வாண்டு. ராத்திரி மட்டும் நீ கட்டிக்கோ" என்றார். விடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவேன். வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

ஜூன் 14
மருத்துவமனையிலிருந்து ஒரு நர்ஸ், என் அம்மாவுக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. "ராத்திரியில பெரியவருக்கு ரொம்ப வேகமா துடிக்குதும்மா. மாத்திரையை அரையிலிருந்து ஒண்ணாக்கச் சொல்றார் டாக்டர்." துடிப்பைக் குறைக்கும் மாத்திரை.

துடித்தது என் இதயம்.

ஜூன் 15
தாத்தாவிடம் சொன்னேன். சிரித்தார். "அரை மாத்திரை கூடினா குடி முழுகிடுமா?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "சொல்லிடாதே. தெரிஞ்சா உன் அத்தை என்னை முதியோர் இல்லத்துல விட்டுட்டுத்தான் மறுவேலை பார்ப்பா."

சத்தியம் செய்துவிட்டேன். ஏன் செய்தேன்?

ஜூன் 19
மூச்சை மெதுவாக விட்டுப் பார்க்கிறேன். அடங்கு, அடங்கு என்று சொல்லச் சொல்ல இன்னும் அடித்துக்கொள்கிறது. 104. நான் பயந்தால் எண் கூடும். எண் கூடினால் அவருக்கு மாத்திரை கூடும். அதை நினைத்தாலே — 109.

ஜூன் 21
இப்போது ஒன்றரை.

ஜூன் 23
செருப்பு மாட்டும்போது தாத்தா சுவரைப் பிடித்துக்கொண்டார். "என்னப்பா, தலை சுத்துதா?" என்று அப்பா கேட்டார். "பசிடா. உன் பொண்டாட்டி இன்னும் சோறு போடல" என்று சமாளித்தார்.

அவர் தூங்கிய பிறகு மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணினேன். ஒரு நிமிடத்துக்கு நாற்பத்து நான்கு. தப்பாக எண்ணினேனோ? மறுபடியும். நாற்பத்து மூன்று. பட்டையை அவர் கையில் கட்டப் போனேன். விழித்துவிட்டார். "வேணாம் கண்ணு." திரும்பி வந்துவிட்டேன். கோழை. கோழை.

ஜூன் 24
சொல்லிடலாம். நாளைக்குக் கண்டிப்பா சொல்லிடலாம்.

ஜூன் 25
காலையில் குளியலறையில் விழுந்துவிட்டார். ஆம்புலன்ஸில் ஏற்றும்போதும் கண் திறக்கவில்லை. மதியம் விழித்து, அம்மாவிடம் தண்ணீர் கேட்டாராம். அம்மா அங்கேயே இருக்கிறாள். அப்பா இப்போதுதான் வந்தார். அத்தையிடம் போனில் பேசினார்.

"நல்லவேளைக்கா, நீ வாங்கிக் கொடுத்த பட்டை இருந்துச்சு. இங்க மெதுவாத்தான் துடிக்குதாம். ஆனா மூணு வாரமா ராத்திரியில வேகமா ஓடுதுன்னு ரிப்போர்ட்ல இருக்கே. பெரிய டாக்டர் காலையிலதான் வருவாராம். அதுவரைக்கும் ராத்திரி மாத்திரையை நிறுத்த வேணாம்னுட்டாங்க. பதினோரு மணிக்குக் கொடுப்பாங்க."

பிறகு சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்துவிட்டார்.

மணி பத்தே முக்கால். மொத்தம் இருபத்தொரு இரவுகள். அவை யாருடையவை என்று இந்த நோட்டில் மட்டும்தான் இருக்கிறது.

அப்பாவை எழுப்பப் போகிறேன். நான் வாய் திறக்காமல் அழுதுகொண்டு நின்றாலும், இதை அவரே படித்துக்கொள்ளட்டும்.