மாஸ்க் பீரோவின் சாவி

வேலூர் ஆஸ்பத்திரி
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஹெலனுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்தக் குளிர் ஊரில் நல்லபடி இருப்பீர்கள். நானும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பொய் எழுத வரவில்லை. புற்று வந்த வலது நுரையீரலில் பாதியை எடுத்து இன்றோடு ஆறு நாள். விலாவில் இன்னும் குழாய் இருக்கிறது, அதன் பாட்டிலைத் தூக்கிக்கொண்டுதான் கக்கூசுக்குப் போகிறேன். மூன்று பந்து போட்ட பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்து உறிஞ்சச் சொல்கிறார்கள், ஒரு பந்து எழும்புகிறது, மற்ற இரண்டும் நம் வார்டு கவுன்சிலர் மாதிரி இடத்தை விட்டு அசைவதில்லை. போனில் நாலு வார்த்தை பேசினால் இருமல் வந்து தையல் பிய்கிற மாதிரி வலிக்கிறது, அதனால்தான் காகிதம். பக்கத்துக் கட்டில் ஷபீ அஹமது பாயின் மகள் மெஹக் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பும். உன் தம்பி ஜீவாவிடம் கொடுத்தால் படித்துவிடுவான், அவன் படிக்கக் கூடாது.

அம்மா வருகிறவர்களிடமெல்லாம் பீடி சிகரெட் தொடாத மனுஷனுக்கு ஏன் இப்படி என்று அழுகிறாள். டாக்டரும் அதையேதான் கேட்டார், தோல் கம்பெனியில் என்ன வேலை என்றார். மேஸ்திரி என்றேன். எந்த செக்‌ஷன் என்றபோது எல்லாப் பக்கமும்தான் என்று மழுப்பிவிட்டேன். இருபத்தாறு வருஷம் தோலுக்குக் கலர் அடிக்கிற ஸ்ப்ரே ரூமில் நின்றேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அதனால்தான் வந்தது என்று யாரும் சொல்லவில்லை, நானாக நினைக்கிறேன், நினைப்பு விடமாட்டேன் என்கிறது.

உனக்குத் தெரியாத ஒன்று. நம்மிடம் தோல் வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் பாதுகாப்பைச் சோதிக்க ஆடிட் வருகிற நாளில் மட்டும் ஸ்ப்ரே ரூமில் எல்லோருக்கும் மாஸ்க் கொடுப்போம். அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதும் திரும்ப வாங்கித் துடைத்து பீரோவில் பூட்டுவது என் வேலை. பையன்களும் வேர்க்குது, பேஜாரா இருக்குது என்பார்கள், எனக்கு அதுவே சாக்கு. ஜீவாவை அங்கே சேர்த்துவிட்டதும் நான்தானே. போன ஆடிட் முடிந்ததும் இன்னும் கொஞ்ச நேரம் போட்டுக்கிறேம்பா, மூச்சு நல்லா இருக்குது என்றான். மேஸ்திரி மகனுக்கு மட்டும் சலுகையா என்று நாலு பேர் கேட்பார்களே என்று அவன் முகத்திலிருந்து நானே கழற்றினேன் ஹெலன்.

நேற்று ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தான். எனக்குப் பதில் அவனை மேஸ்திரி ஆக்கிவிட்டார்களாம், சந்தோஷம் தாங்கவில்லை அவனுக்கு. வியாழக்கிழமை ஆடிட் வருது, பீரோ சாவியை எங்கப்பா வெச்சுட்ட என்று கேட்டான். ஆபரேஷன் அமளியில் எங்கேயோ போய்விட்டது என்றேன். சாவி என் தலையணை உறைக்குள் இருக்கிறது. பூட்டை உடைத்துக்கொள்வார்கள், அதுவும் தெரியும். உடைத்த பிறகு புதுப் பூட்டுப் போடப்போகிறவன் என் மகன்.

எந்த முகத்தோடு நான் அவனுக்குப் புத்தி சொல்வேன். நீ நர்ஸ், உன் பேச்சைக் கேட்பான். கொடுத்த மாஸ்க்கைத் திரும்ப வாங்காதே, நீயும் கழற்றாதே என்று சொல். வேலை போனால் போகட்டும். இன்னாக்கா நீ என்று சிரிப்பான், விடாதே. அப்படியும் கேட்கவில்லை என்றால் இந்தக் கடிதத்தையே அவனுக்கு அனுப்பிவிடு. படிக்கட்டும்.

குழந்தைக்கு என் முத்தம். ஆண்டவர் உங்கள் மூவரையும் கண் போலக் காக்கட்டும். இதைப் பார்த்ததும் எனக்குப் போன் போடாதே, அவனுக்குப் போடு. வியாழனுக்கு முன்னால்.

உன் அப்பா
இருதயராஜ்